ஜன்னல் தாழ்ப்பாளும் கைப்பிடியும் தேய்ந்து ஆடுகின்றன. ஆசாரி இல்லாமல் நாமே மாற்ற முடியுமா?

முடியும். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் பெரும்பாலான வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும். ஆனால் கடைக்குப் போய்ப் புதுக் கைப்பிடி வாங்கும் முன் கீலைப் பாருங்கள். கைப்பிடியும் தாழ்ப்பாளும் தாமாகக் கெடுவது குறைவு. கீல் தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கினாலே தாழ்ப்பாள் கம்பி அதன் துளைக்கு நேராக நிற்காது. அப்புறம் வீட்டில் ஒவ்வொருவரும் கதவைத் தூக்கி, இழுத்து, இடித்துத்தான் பூட்டுவார்கள். அந்த இழுப்பில்தான் கைப்பிடி கழன்று வருகிறது. கீலை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்துக்குள் புதியதும் ஆடும்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் இருப்பது வெளிப்பக்கம் திறக்கும் மர ஜன்னல், உள்ளே கம்பி கிரில். அதையே விரிவாகச் சொல்கிறேன்.

கதவைச் சாத்தி, நிலைக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். ஒரு நூல், அதாவது சுமார் 3 மி.மீ., எல்லாப் பக்கமும் சீராக இருந்தால் கீல் சரி. கைப்பிடிப் பக்கம் மேலே இடைவெளி அகன்று, கீழே கதவு உரசினால் கதவு இறங்கிவிட்டது. இப்போது கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து அடி மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலின் தகடு மரத்தோடு ஒட்டாமல் அசைந்தால் ஸ்க்ரூ துளைதான் தளர்ந்திருக்கிறது. கீலையே மாற்றத் தேவையில்லை. தகடு அசையாமல், கீலின் கணுக்கள், அதாவது நடு ஊசி நுழையும் குழாய்த் துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கினால் கீல் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். பெரும்பாலும் முதலில் போவது மேல் கீல்தான், கதவின் எடை அதைத்தான் நிலையிலிருந்து பிடுங்க இழுக்கிறது.

தளர்ந்த துளைக்குப் பெரிய நம்பர், அதாவது இன்னும் தடித்த, ஸ்க்ரூ போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 8ஆம் நம்பர் துளையுள்ள கீலில் 10ஆம் நம்பரை ஏற்றினால் அதன் தலை கீலின் குழிக்குள் முழுதாக உட்காராது. தலை துருத்தி நின்றால் கீலின் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. கதவு சாத்தும்போது கடைசி அரை இஞ்சில் எகிறும், நீங்கள் அழுத்திச் சாத்துவீர்கள், அந்த அழுத்தம் நெம்புகோல் மாதிரி வேலை செய்து ஸ்க்ரூவையே பிடுங்கிவிடும். எனவே அதே நம்பரில் நீளத்தைக் கூட்டுங்கள். 1 இஞ்ச் இருந்த இடத்தில் ஒன்றரை இஞ்ச் போட்டால் உள்ளே தேயாத மரத்தைப் பிடிக்கும். நிலைப் பக்கம் இதற்குத் தாராளமாக இடமுண்டு.

அதுவும் பிடிக்காவிட்டால் துளையை அடையுங்கள். மூங்கில் சீவல் அல்லது தலை கிள்ளிய தீக்குச்சி 3, 4 எடுத்துப் பசையில் தோய்த்து, இறுக்கமாகத் தட்டி ஏற்றி, மேல்மட்டத்தோடு சீவிவிட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை மழைச் சாரல் படும் இடத்தில் இளகிவிடும். தண்ணீர் தாங்கும் ஃபெவிகால் மரைன் அல்லது அரால்டைட் வாங்குங்கள். காய்ந்த பின் நடுவில் துளையிட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரத்தில் 6ஆம் நம்பருக்கு 2.5 மி.மீ. பிட், 8ஆம் நம்பருக்கு 3 மி.மீ. பிட். துளையிடாமல் நேராக முறுக்கினால் ஓரத்தில் மரம் பிளக்கும். ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் சோப்போ மெழுகுவர்த்தியோ தேய்த்துக்கொண்டால் கைவலி பாதியாகக் குறையும்.

மரமே மக்கியிருந்தால் இது எதுவும் உதவாது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் அங்கே எந்த ஸ்க்ரூவும் நிற்காது. கீலை 2 இஞ்ச் மேலோ கீழோ நல்ல மரத்துக்கு நகர்த்தி, புதுக் குழி வெட்டிப் பொருத்தலாம். மண் தடம் தெரிந்தால் கரையான். முதலில் அதற்கு மருந்து, அப்புறம்தான் தச்சு வேலை.

கீலை மாற்றுவதாக இருந்தால் பழையதன் நீளம், விரித்த அகலம், தகட்டின் தடிமன் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒன்றைக் கழற்றியே கடைக்குக் கொண்டுபோங்கள். 3 இஞ்ச் என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் மெல்லிய தகட்டைக் கொடுத்துவிடுவார். அது பழைய குழியில் பள்ளமாக உட்கார்ந்து, கதவு கீல் பக்கம் நெருங்கி இடிக்கும். அப்படி ஆனால் கீலுக்கு அடியில் சன்மைக்கா துண்டு ஒன்றை வெட்டி வையுங்கள். தடிமனாகிவிட்டால் உளியால் குழியைச் சற்று ஆழமாக்க வேண்டும். இரண்டு கதவுள்ள ஒரு ஜன்னலுக்கு, கதவுக்கு 3 என்று 6 கீல். கீலுக்கு 6 துளை என்றால் 36 ஸ்க்ரூ. இரண்டு ஜன்னல் செய்வதானால் 100 ஸ்க்ரூ உள்ள பெட்டியாக வாங்கிவிடுவது நல்லது.

மாடி வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். கதவு வெளியே திறக்கிறது, நீங்கள் கிரில்லுக்கு உள்ளே நிற்கிறீர்கள். எல்லாக் கீலையும் ஒன்றாகக் கழற்றினால் கண்ணாடியோடு கதவு தெருவில் யார் தலையிலாவது விழும். முதல் ஸ்க்ரூவைத் தொடும் முன்பே நைலான் கயிற்றால் கதவின் சட்டத்தைக் கிரில்லோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே கீல். அதைக் கழற்றி, புதியதைப் பூட்டி முடித்த பிறகுதான் அடுத்தது. கிரில் வழியாகக் கை போகவில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். கிரில் மேல் ஏறி நின்று வெளியே எட்டிச் செய்வது யாருக்கும் வேண்டாத வித்தை.

பழைய ஸ்க்ரூ கழலாதது தனிக் கதை. பெயின்டர்கள் கீல், ஸ்க்ரூ, தாழ்ப்பாள் எதையும் விடாமல் பூசியிருப்பார்கள். முதலில் தலையின் வெட்டை ஆணி முனையால் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயான டபிள்யூடி-40 அடித்து அரை மணி விடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வெட்டில் வைத்துப் பின்புறம் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் கால் சுற்று, அப்புறம் கழற்றும் பக்கம். துரு உடைவதற்கு இதுதான் வழி. தலை வழுக்கிவிட்டால் 5 மி.மீ. இரும்பு பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுங்கள். தகடு தானே வந்துவிடும், மிஞ்சிய தண்டைக் கொறடால் பிடித்துத் திருகலாம்.

கீல் சரியான பிறகு தாழ்ப்பாளுக்கு வாருங்கள். பாதி வீடுகளில் பழைய தாழ்ப்பாளே ஒழுங்காக விழ ஆரம்பித்திருக்கும். விழாவிட்டால் கம்பியின் முனையில் சாக்பீஸ் தடவி ஒருமுறை இறக்குங்கள், எங்கே இடிக்கிறது என்று வெள்ளைத் தடம் காட்டிக்கொடுக்கும். அடித் தாழ்ப்பாளின் துளையில் மண்ணும் பெயின்டும் அடைத்திருக்கும், அதைத் தோண்டி எடுத்தாலே போதும். துளை கம்பியைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். அதிலேயே தண்ணீர் தேங்கி நிலையின் அடிக்கட்டை மக்குவதால், துளையின் உள்சுவரில் கொஞ்சம் பெயின்ட் தொட்டுவிடுவது நல்லது. புதிதாக வாங்கினால் ஜன்னலுக்கு 4 அல்லது 6 இஞ்ச் டவர் போல்ட் போதும். கம்பி 10 மி.மீ. இருக்கட்டும். மெல்லிய அலுமினியக் கம்பி இரண்டு முறை இடித்தால் வளைந்துவிடும்.

கைப்பிடிக்கு முக்கால் இஞ்ச் ஸ்க்ரூவே சரி. கதவின் முகத்தில் போடுவதால் நீளம் கூடினால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். துளை அடியோடு போயிருந்தால் கதவை ஊடுருவித் துளைத்து, வாஷரோடு போல்ட் நட் போட்டுவிடுங்கள். அது ஆடவே ஆடாது.

காற்றுக்குக் கதவு அடிக்காமல் பிடிக்கும் கொக்கியை யாரும் கண்டுகொள்வதில்லை. உண்மையில் கீலைக் கொல்வதே தளர்ந்த கொக்கிதான். கொக்கி வளையத்தை அறுத்துத் தேய்த்து ஆட்டம் கொடுத்தால், ஒவ்வொரு காற்றுக்கும் கதவு முன்னும் பின்னும் உதறும். கொக்கியையும் வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய நீளத்திலேயே. நீளம் மாறினால் கதவு நிற்கும் கோணம் மாறி, வளையத்துக்குப் புது இடம் தேட வேண்டிவரும்.

கடலோர ஊர்களில் அலுமினியத் தாழ்ப்பாளை இரும்பு ஸ்க்ரூவில் மாட்டக் கூடாது. உப்புக்காற்றின் ஈரத்தில் இரும்பு துருப்பிடித்துத் தலை கரையும், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். கடல் அருகில் என்றால் ஸ்டெயின்லெஸில் 304 ரகத்தைவிட 316 ரகம் நிற்கும். பித்தளைச் சாமான் போடுபவர்கள் பித்தளை ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் கழுத்தில் ஒடியும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி, மரை வெட்டியபின் எடுத்துவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதவு இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது. அப்போது இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி வரும். உரசும் ஓரத்தில் மெழுகு தேய்த்து மழைக்காலத்தைக் கடத்திவிட்டு, மாசிக்குப் பிறகும் உரசினால் மட்டும் இழையுங்கள். இழைத்த இடத்தில் அன்றே பிரைமர்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலிலும் இதே கதைதான், கீலுக்குப் பதில் அடியிலுள்ள ரோலர். ரோலர் தேய்ந்து கதவு இறங்கினால் பூட்டின் நாக்கு துளையில் விழாது. கதவை மேலே தூக்கி அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தால் கழன்று வரும். பெரிய கதவுக்கு இரண்டு பேர் வேண்டும். பழைய ரோலரைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள், வடிவங்கள் ஏராளம். தண்டவாளத்தில் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

யுபிவிசி ஜன்னலில் கைப்பிடி ஆடினால், அடியிலுள்ள மூடியைச் சற்று தூக்கித் திருப்புங்கள், உள்ளே இரண்டு ஸ்க்ரூ தெரியும். கையால் இறுக்கினால் போதும், மெஷின் வேண்டாம். மாற்றுவதானால் பல கைப்பிடிகளில் ஸ்க்ரூ மையங்களுக்கு இடையே 43 மி.மீ., சதுரக் கம்பி 7 மி.மீ. இருக்கும். அடித்தட்டிலிருந்து கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள், அது குறைந்தால் உள்ளே உள்ள பூட்டை எட்டாது. கைப்பிடி சுற்றுகிறது, பூட்டு அசையவில்லை என்றால் போயிருப்பது பெரும்பாலும் உள்ளே உள்ள கியர்.

நிலையே சுவரிலிருந்து விலகியிருந்தாலோ, கதவின் மூலைப் பொருத்து பிரிந்து கண்ணாடி ஆடினாலோ ஆசாரியைக் கூப்பிடுங்கள். பிரிந்த மூலையில் எல் தகடு அடித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். பொருத்தைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, கிளாம்ப் போட்டு இறுக்கிச் சேர்க்காமல் தகடு மட்டும் அடித்தால் கதவு அந்தக் கோணலிலேயே நின்றுவிடும்.