பரண்ல கிடந்த லீவர் ரைபிள்: என்ன மாடல், எப்படி சுத்தம் பண்றது?

அம்பாசமுத்திரத்து வீட்டுப் பரண்ல தாத்தாவோட லீவர் ரைபிள் (விசைக்குக் கீழ உள்ள லீவர அசைச்சு தோட்டா ஏத்துற துப்பாக்கி) கிடைச்சிருக்கு, பளபளன்னு ஆக்கலாமான்னு கேட்டிருக்கிய. அண்ணாச்சி, மொதல்ல லைசென்ஸ் யார் பேர்லன்னு பாருங்க. ஆயுதச் சட்டம் 1959-ல பழசுங்கதுக்காக மட்டும் விலக்கு கிடையாது, ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாததா இருக்கணும், அதனால வக்கீல்ட்ட கேட்டுட்டு ஸ்டேஷன்ல சொல்லிருங்க. பெரும்பாலும் குழலுக்கு அடியில உள்ள நீளக் குழாய்லதான் தோட்டா நிக்கும், உள்ள கிடக்கலாம், லைசென்ஸ் உள்ள டீலர்தான் கழட்டணும்.

மாடலுக்கு வாரேன். சுட்ட தோட்டாவோட காலிக் கூடு வெளிய வார வழி மேல இருந்தா வின்செஸ்டர் கம்பெனியோடதா இருக்கலாம், மேல மூடி வலப்பக்கம் மட்டும் ஓட்டைன்னா மார்லின் கம்பெனி சாயல். வின்செஸ்டர்ல மேல்பக்கம் நகர்த்துற மூடியும் பக்கவாட்டுத் தகடும் இருந்தா 1873 மாடல், துப்பாக்கி அதவிட பெருசுன்னா 1876 மாடல். சீரியல் நம்பர் 1873-க்கு லீவருக்குப் பின்னால அடி இரும்புல, 1892, 1894 மாடலுக்கு ரிசீவர் (லீவரும் விசையும் பொருந்தியிருக்கிற நடு இரும்புப் பெட்டி) அடியில.

எமரி பேப்பர் மட்டும் தொட்டுராதீய! அந்தக் காலத்து நீல பூச்சு போச்சுன்னா மதிப்பும் போச்சு. துரு மேல எண்ணெய ஊற வச்சு, ரொம்ப நைஸான ஸ்டீல் வுல்லால மெதுவா தேய்ச்சா செவப்புத் துரு மட்டும் எண்ணெயோட வரும், அடியில உள்ள கருப்ப அப்படியே விட்ருங்க. திருகு காடிக்குச் சரியா பொருந்துற ஸ்க்ரூடிரைவர் இல்லாம கை வைக்கக் கூடாது, காடி சிதைஞ்சா அசிங்கமாயிரும். கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்.