மனைவிக்கு வெளிநாட்டில் தன்னார்வப் பணி: கூடப் போகும் கணவர் என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி: என் மனைவி செவிலியர். வெளிநாட்டில் ஒரு தன்னார்வ அமைப்பின் இரண்டு ஆண்டுப் பணிக்குத் தேர்வாகியிருக்கிறார். நானும் வேலையை விட்டுவிட்டு உடன் போகிறேன். போன பிறகு எனக்கும் ஏதாவது சேவைப் பணி தேடிக்கொள்ளலாம் என்று எண்ணம். புறப்பட ஏழு மாதம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மனைவிக்கு அங்கே ஒரு பணி, ஒரு விசா, ஒரு பொறுப்பாளர் எல்லாம் தயார். உங்களுக்கு இன்னும் எதுவும் இல்லை. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

அமைப்புக்கு இருவரும் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூட வருபவருக்கு எந்த வகை விசா? காப்பீடு அவருக்கும் உண்டா? பணி பாதியில் முடிந்தால் அவருடைய திரும்பும் டிக்கெட் யார் செலவு? பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னால் அதை நம்பி வீட்டைக் காலி செய்ய முடியாது. அமைப்புக்கு அமைப்பு விதி மாறும். அமெரிக்க அரசின் தன்னார்வப் பணி அமைப்பான பீஸ் கோர் தம்பதிகளை ஏற்கிறது, ஆனால் இருவரும் விண்ணப்பித்து, இருவருமே தேர்வாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் தனித்தனி வீடுகளில் தங்க நேரிடலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

'போய்த் தேடிக்கொள்ளலாம்' என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சம்பளம் வாங்காவிட்டால் அது வேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பல நாடுகளின் குடிவரவுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சுற்றுலா விசாவிலோ, துணைவருக்குத் தரும் சார்ந்தோர் விசாவிலோ போய், ஒரு பள்ளியில் இலவசமாகப் பாடம் நடத்தினால்கூட விசா மீறலாகலாம். இங்குள்ள நிறுவனத்துக்கு அங்கிருந்து கணினியில் வேலை பார்ப்பதற்கும் இதே சிக்கல் உண்டு. எது செய்யலாம், எது கூடாது என்று அந்நாட்டுத் தூதரகத்திடமே கேளுங்கள்.

திருமணச் சான்றிதழை இன்றே எடுத்து, இரு பாஸ்போர்ட்டுகளோடும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்தும் இன்னொன்றில் முழுப்பெயரும் இருந்தால் விசா மேசையில் சிக்கும், திருத்தவும் நாளாகும். அந்தச் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்க, அது உண்மையானது என்று நம் நாட்டில் உறுதிசெய்து வாங்க வேண்டியிருக்கும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால் பெரும்பாலும் அதற்கான அப்போஸ்டில் முத்திரை போதும். இல்லாவிட்டால் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் பணிக்காலம் முடிந்தும் ஆறு மாதமாவது செல்லுபடியாகட்டும்.

தடுப்பூசிக்கு ஏழு மாதம் தாராளம் போலத் தெரியும். ஹெபடைடிஸ் பி ஊசியின் வழக்கமான அட்டவணையே ஆறு மாதம்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. செவிலியரான மனைவி ஏற்கெனவே போட்டிருக்கக்கூடும், நீங்கள் போட்டீர்களா? போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்டால், முதல்முறை போட்டவர்களுக்கு அது பத்து நாள் கழித்துத்தான் செல்லும். 2016 முதல் அந்தச் சான்றுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு. பயண மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். காப்பீட்டில், அவசரத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

பணம்: அமைப்பு மனைவிக்குத் தரும் உதவித்தொகை பெரும்பாலும் ஒருவர் எளிமையாக வாழும் அளவுக்கே இருக்கும். உங்கள் செலவும் நிலுவைக் கடன்களின் தவணையும் சேமிப்பிலிருந்து போகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வங்கி வேலைகளுக்கு நம்பிக்கையான ஒருவர் பெயரில் பவர் எழுதிவைப்பது நல்லது.

அப்புறம், உங்கள் பகல்பொழுது. மனைவி காலையில் போய் இரவில் களைத்துத் திரும்புவார். மொழி புரியாத ஊரில், யாரையும் தெரியாமல், எட்டு மணிநேரம் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூடப் போனவர்களை வாட்டுவது பெரும்பாலும் இந்த வெறுமைதான், மனைவியிடம் சொன்னால் அவருக்குக் குற்ற உணர்ச்சி வருமோ என்று அடக்கியும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஊர் மொழியை இப்போதே படிக்கத் தொடங்குங்கள், சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு வந்தாலே நாள் வேறு மாதிரி இருக்கும். ஒருவரால் அங்கே இருக்க முடியாமல் போனால் இருவரும் திரும்புவதா, ஒருவர் மட்டும் திரும்புவதா என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அமைப்பிடமிருந்து எழுத்தில் பதில் வந்து, இந்தப் பேச்சும் முடிந்தபின் ராஜினாமாவைக் கொடுக்கலாம்.