பட்டியும் காடும்

வணக்கம் ஐயா,

போன கிழமை அப்பாவோடு திருகோணமலை டவுனுக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் அப்பா புது போன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைப்பெடியன் பக்கத்தில் நின்றவனிடம் "பட்டிக்காட்டான்" என்று சொல்லிச் சிரித்தான். அப்பா காதில் விழாத மாதிரி வந்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. நாங்கள் மாடு வைத்திருக்கிறவர்கள். இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது?

ஒரு வாசகி, தம்பலகாமம்

அன்பின் தங்கச்சி,

அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

பட்டி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலம்பல், அதாவது வெட்டிய கொப்புகள், போட்டு அடைத்த வேலி, பொழுதுபடச் சாய்த்து வரும் மாடு, கன்றைப் பிரித்துக் கட்டுகிற மூலை. அதே சொல் சிற்றூருக்கும் பெயரானது. தமிழ்நாட்டில் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று எத்தனை ஊர்கள்! கோவில்பட்டி இன்று பெரிய நகரம். அங்கே யாரும் அந்தப் பெயருக்காக வெட்கப்படுவதில்லை. பின்னால் காடு சேர்ந்ததும்தான் இளக்காரம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மாவட்டத்திலோ அந்தக் காடும் உண்மையான காடுதான். பெரும்போகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் மாட்டை வயலோரம் வைத்திருக்க முடியுமா? காட்டுப் பக்கம் கொண்டுபோய்த்தான் பட்டி போட வேண்டும். அப்படிப் பார்த்தால் பட்டிக்காட்டான் என்பது வசவே இல்லை, விலாசம்.

ஆனால் வசவான பட்டி ஒன்றும் தமிழில் இருக்கிறது. அடைபடாமல் திரிந்து அடுத்தவன் பயிரை மேய்வது பட்டிமாடு. கலித்தொகையின் 51ஆம் பாட்டில், மணல்வீட்டைக் காலால் சிதைத்து, கோதையை அறுத்து, பந்தையும் பறித்துக்கொண்டு ஓடிய ஒருவனைப் பெண்ணொருத்தி 'சிறுபட்டி' என்கிறாள். அவள் சொல்வதில் கோபத்தைவிடச் செல்லம் அதிகம், அது வேறு கதை. அவன் நாட்டுப்புறத்தான் என்பதற்காக அவள் திட்டவில்லை, வரம்பு மீறியதற்காகத் திட்டுகிறாள். அந்தக் கணக்கில் பட்டி யார், உங்கள் அப்பாவா, கடைப்பெடியனா?

சிங்களத்தில் பட்டிக்காட்டானை 'கொடயா' என்பார்கள். கொட என்றால் தண்ணீருக்கு வெளியே உள்ள தரை. அதுவும் பாவம், வெறும் நிலத்தைக் குறித்த சொல்தான்.

சரி, எனக்கு ஒரு உதவி. உங்கள் பட்டி மாடுகளுக்கு என்ன குறி சுடுகிறீர்கள், அந்தக் குறிக்குப் பெயர் உண்டா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அப்படிப் பல சொற்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை.