சோலார் வேலி போட்டும் மான் உள்ளே வருகிறது, நேரடி கரண்ட் கொடுத்துவிடலாமா?

காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் பயறு, சோலார் வேலி போட்டும் புள்ளிமான் மேய்ந்துவிட்டுப் போகிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேண்டாங்க. தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் நிலம் பவானிசாகர் பக்கம், விளாமுண்டிக் காட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் லாரிக்குப் போவதால் விவசாயம் முழுக்க நான்தான். முதல் வருடம் தட்டப்பயறு போட்டு, முளைத்து நாலு இலை விட்ட நேரம், ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வடக்குப் பக்கம் பாதிக்கு மேல் மொட்டைத் தண்டாக நிற்கிறது. முயல் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமனார் குனிந்து ஒரு தண்டை எடுத்துக் காட்டினார். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாகச் சீவிய மாதிரி இருக்கும். இது நுனி நார் நாராகப் பிய்ந்திருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் கடித்து வெட்டாது, பிய்த்து இழுக்கும்.

பழைய சேலை கட்டினோம். ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் நகையை அடகு வைத்து சோலார் வேலி போட்டேன். ஐந்தடி உயரம், ஐந்து கம்பி. போட்ட பிறகும் மான் வந்தது, கம்பிக்கு நடுவில் தலையை நுழைத்து உடம்பை நெளித்துக்கொண்டு. அன்றைக்குத்தான் மாமனார் சொன்னார்: "ஏம்மா, ரூம்ல இருந்து ஒரு ஒயர இழுத்து உட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இத்தன செலவா?" அவர் கெட்டவர் இல்லை. இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டியவர், அந்த ஆற்றாமையில் சொன்னது. "மாமா, காலைல ஆட்டுக்குத் தழை ஒடிக்க நம்ம பசங்கதான் அந்தப் பக்கம் போறாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டு லைன் கரண்ட் விடாமல் ஓடுவது. தொட்டால் தசை இறுகிக்கொள்ளும், கையை எடுக்க முடியாது. சோலார் வேலி மிஷின் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறைதான் அடிக்கும், அதுவும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அந்த இடைவெளியில் மனுஷனோ மானோ விலகிவிடலாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி நேரடி கரண்ட் விட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து நின்றன. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் வேலி ஏன் வேலை செய்யவில்லை? உங்களுக்கும் எங்களுக்கு இருந்த அதே கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எர்த், அதாவது மிஷினிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பி. எங்களுக்கு மாட்டிக் கொடுத்தவர் காய்ந்த செம்மண்ணில் இரண்டடிக் கம்பி ஒன்றை அடித்துவிட்டுப் போயிருந்தார். ஈரம் இல்லாத மண்ணில் எர்த் எப்படிப் பிடிக்கும்? டெஸ்டர் வைத்தால் 2 கிலோவோல்ட்தான் காட்டியது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஆறடி ராடு மூன்று, பத்தடிக்கு ஒன்றாக அடித்து, மூன்றையும் சேர்த்துக் கட்டினேன். கீழ்க்கம்பியில் படர்ந்திருந்த பார்த்தீனியத்தையும் வெட்டினேன். 6க்கு மேல் ஏறியது.

அப்புறம் கம்பி அமைப்பையே மாற்றினேன். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மானுக்கென்றே தீவனம் விதைக்கிறார்கள். அது வளரும் வரை மான் வராமல் வேலி போட்டுக் காக்கிறார்கள், பிறகு திறந்து விடுகிறார்கள். அந்த வீடியோக்களில் பார்த்ததுதான் இது. வெளியே ஒரே கம்பி, ஒன்றரை அடி உயரத்தில். அதிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி இரண்டாவது வரிசை, பத்து அங்குலத்தில் ஒரு கம்பி, இரண்டடியில் ஒரு கம்பி. இவ்வளவுதான். உயரத்தை மான் தாண்டிவிடும், ஆனால் உயரமும் அகலமும் சேர்ந்து வந்தால் எங்கே காலை வைப்பது என்று தயங்கும். "இரண்டடி வேலியை மான் தாண்டாதா" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். துரத்தினால் தாண்டும்தான். மேய வரும் மான் நின்று மோந்து பார்த்துதான் வரும்.

மோப்பம்தான் முக்கியம். உடம்பு முடியில் பட்டால் மானுக்கு ஷாக் சரியாக ஏறாது, மூக்கிலோ நாக்கிலோ படவேண்டும். வறுத்த கடலையை மிக்ஸியில் விழுதாக அரைத்து, வெள்ளித்தாளில் தடவி, வெளிக்கம்பியில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக மடித்துத் தொங்கவிட்டேன். மூன்றாவது நாள் காலை அந்தத் தாளுக்கு நேராக ஈரமண்ணில் குளம்புத் தடம் வந்து நின்று, அப்படியே திரும்பி மண்ணைக் கிளறிக்கொண்டு ஓடியிருந்தது. அடுத்த விதைப்பில் விதை போடும் முன்பே வேலியை ஓடவிட்டேன். ருசி பார்த்த மானை விட, புதிதாக வரும் மானைத் தடுப்பது சுலபம்.

மான் பாவமில்லையா என்று கேட்பவர்களுக்கு: பாவம்தான். அதனால்தான் இவ்வளவு மெனக்கெட்டேன். எங்கள் வீட்டு அடுப்பும் எரியவேண்டும்.

அந்த வருடம் பயறு முழுசாக வந்தது. ஆனால் மண்டியில் கமிஷன் போக மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்று பிடித்தார்கள். கல் இல்லை, தூசி இல்லை, கையால் புடைத்த பயறு. ஏன் கழிவு என்று கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தாங்க." மானிடமிருந்து காப்பாற்றியதை அங்கே கொடுத்துவிட்டு வந்தது இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023இல் மின்வேலிக்குத் தனி விதி வந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் வனத்துறையில் அனுமதி வாங்கிப் பதிவு செய்யவேண்டும், ஏற்கெனவே போட்ட வேலியையும் சேர்த்துத்தான். வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். யானை வரும் இடமானால் நான் சொன்ன அமைப்பு அதைத் தடுக்காது, அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு மிஷினிலிருந்து தூரமாக இருக்கும் கடைசிக் கம்பத்தில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எவ்வளவு காட்டுகிறது, எர்த் ராடு எத்தனை அடி என்று கீழே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.