ஏரியில் இழுத்த லாக் குறைவாகக் காட்டுவது பற்றி

அன்பருக்கு வணக்கம். பழைய வாக்கர் லாக்கை (கயிற்றில் கட்டிய சுழலியைப் படகின் பின்னால் நீரில் இழுத்து, அது சுற்றுவதைக் கொண்டு ஓடிய தூரத்தை முள்ளால் காட்டும் கருவி) ஏற்காடு ஏரியில் மிதிபடகின் பின்னால் இழுத்துப் பார்த்ததாகவும், ஓடிய தூரத்தில் பாதியைக்கூட முள் காட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கருவி கெட்டுவிட்டது என்று அதற்குள் முடிவு செய்துவிடாதீர்கள்.

மிதிபடகு பொதுவாக 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல், சுமார் 3.7 கி.மீ.) அளவில் மெதுவாகத்தான் போகும். அந்த வேகத்தில் கனமான சுழலி நீர்மட்டத்துக்கு அருகே நேராக இழுபடாமல் கீழே தொங்கிச் சாய்ந்து, சுற்ற வேண்டிய அளவு சுற்றாது. ஏரியில் அடிக்கடி திரும்புவதால் கயிறும் தொய்யும். சுழலியின் இதழ்களில் பாசி சிக்கினாலும் அளவு குறையும்.

சேலத்தில் என் வீட்டு மேசையில் இத்தகைய ஒன்றைத் திறந்தபோது, உள்ளே எண்ணெய் கறுத்துப் பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து மெல்லிய எண்ணெய் இட்ட பிறகே பற்சக்கரங்கள் விரல் பட்டதும் சுழன்றன. உங்களுடையதையும் பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஓர் இதழின் வளைவை அட்டையில் வெட்டி மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். ஓர் இதழ் சற்றே வளைந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

புதுச்சேரியில் நண்பரின் பாய்மரப் படகில் செல்லும்போது, கயிற்றை முதலில் அமரத்திலுள்ள (படகின் பின்முனையிலுள்ள) கருவியில் மாட்டிவிட்டு, பிறகே சுழலியை நீரில் விடுங்கள். எடுக்கும்போது கருவிப் பக்க முனையைக் கழற்றி மறுபுறம் நீரில் விட்டுக்கொண்டே சுழலியை இழுத்தால்தான் முறுக்கு அவிழும். 6 நிமிடத்தில் 0.4 கடல் மைல் ஏறினால் வேகம் 4 நாட். அது தரையைச் சார்ந்ததல்ல, நீரைச் சார்ந்த வேகமே, ஆகையால் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடும்போது நீரோட்டத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.