குவாட்டர்பேக் இடம் போனால் எல்லாம் போச்சா?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. ஏழாம் வகுப்பிலிருந்து அமெரிக்கன் ஃபுட்பாலில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆடுகிறான், இப்போது ஜூனியர் வார்சிட்டியில் (பள்ளியின் இரண்டாம் நிலை அணி). உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். போன வாரம் கோச் கூப்பிட்டு, அடுத்த சீசனில் வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிக்கிறவர்) ஆடச் சொல்லிவிட்டார். பையன் அறையை விட்டே வருவதில்லை. நம்ம பிள்ளை என்பதால் ஒதுக்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். ரெக்ரூட்டிங் ஆலோசகர் ஒருவர், 4,000 டாலர் கொடுத்தால் கல்லூரிகளிடம் பேசுவதாகவும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றினால் குவாட்டர்பேக் இடம் நிச்சயம் என்றும் சொல்கிறார். என் கணவர் 500 டாலர் முன்பணமும் கட்டிவிட்டார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் நட்சத்திரக் குவாட்டர்பேக் லமார் ஜாக்சனையும் இப்படித்தான் மாறச் சொன்னார்களாம், அவர் மறுத்ததால்தான் பெரிய ஆளானார் என்கிறார். நாங்களும் மறுக்கலாமா?

பதில்: முதலில் பணம். மீதி 3,500 டாலரைக் கட்டாதீர்கள். 500 கட்டியபோது எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்த ஆலோசகரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். இப்போதே ஆரம்பித்தால் பையனை மறந்துவிடுவேன்.

சரி, பையன் விஷயம். குவாட்டர்பேக் என்பது கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. களத்தில் ஒருவருக்குத்தான் இடம். மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இங்கே முதல் ஆள் அடிபட்டால் ஒழிய இரண்டாவது ஆள் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். தோனி வந்தபிறகு நம்ம தினேஷ் கார்த்திக்குக் கீப்பிங் கையுறை எத்தனை நாள் கிடைத்தது? 2007-ல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார், அந்த டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவரும் அவர்தான். ரிசீவருக்கோ ஒரே நேரத்தில் மூன்று இடம், சில அணிகளில் நான்கு. உங்கள் கோச் பையனை வெளியே தள்ளவில்லை, ஆடவைக்க இடம் தேடுகிறார் என்பதுதான் என் முதல் ஊகம். டாலஸ் பக்கத்துப் பள்ளிகளில் 14 வருடம் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பையனிடம் ஜூலியன் எடெல்மன் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் மகனைவிட ஒரு அங்குலம்தான் உயரம். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக்காக இருந்தவர். 2009 டிராஃப்டின் (என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) கடைசிச் சுற்றில், 232-வது ஆளாக நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரை எடுத்தது, ரிசீவராக்குவதற்கு. எடுத்த உடனே நட்சத்திரமாகிவிடவில்லை. ஆள் பற்றாக்குறை வந்தபோது எதிரணியைத் தடுக்கிற பக்கத்திலும் நிறுத்தினார்கள். ஒரு சீசனில் பந்தைப் பிடித்துக் கடந்த தூரம் ஆயிரம் யார்டைத் தாண்ட 2013 வரை, அதாவது ஐந்தாவது சீசன் வரை ஆனது. 2019 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் 10 கேட்ச், 141 யார்டு, ஆட்டநாயகன் விருது.

எனக்குப் பிடித்தது அந்த சூப்பர் பௌல் அல்ல. 2015 ஜனவரி, பால்டிமோர் ரேவன்ஸுடன் பிளேஆஃப், பேட்ரியாட்ஸ் ஏழு புள்ளி பின்தங்கியிருக்கிறது. பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடி பந்தை ஓரமாக, தனக்குச் சற்றுப் பின்னால் நின்ற எடெல்மனிடம் எறிகிறார். பின்பக்கம் போன பந்துக்கு முன்பக்க பாஸ் என்ற கணக்கு இல்லை, அதனால் பிடித்தவர் மறுபடி முன்னால் எறியலாம். ரேவன்ஸ் ஆட்கள் அவரைப் பிடிக்க ஓடிவருகிறார்கள். அவர் ஓடவில்லை. நின்று நிதானித்து எறிந்தார், 51 யார்டு, சக வீரர் டேனி அமெண்டோலா கையில் போய் உட்கார்ந்தது. ஆட்டம் சமன், கடைசியில் 35-31 என்று வெற்றி. கல்லூரியில் பழகிய கை. அது எங்கேயும் போய்விடவில்லை.

ரிசீவராகப் போனால் திரும்பவே முடியாதா என்று பையன் கேட்பான். ரயன் டேனஹில் உங்கள் மாநிலத்துக்காரர், பிக் ஸ்பிரிங் ஊர். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குக் குவாட்டர்பேக் என்றுதான் போனார். 2008-ல் ரிசீவராக 55 கேட்ச், 844 யார்டு. 2010 சீசனின் நடுவில்தான் குவாட்டர்பேக் இடம் வந்தது. 2012 டிராஃப்டில் எட்டாவது ஆளாக மயாமி டால்ஃபின்ஸ் எடுத்தது, குவாட்டர்பேக்காகவே. (உயிரியல் படித்தவர், எலும்பு அறுவை மருத்துவராகும் எண்ணமும் இருந்தது. உங்கள் கணவருக்கு இதையும் சொல்லுங்கள்.) ஆனால் இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலானோர் திரும்புவதில்லை.

நம்ம பிள்ளை என்பதாலா என்று கேட்டீர்கள். அந்தச் சந்தேகத்துக்காக வெட்கப்பட வேண்டாம், இந்த ஆட்டத்தின் சரித்திரமே அப்படி. 1968-ல் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின இளைஞர் டென்வர் ப்ராங்கோஸுக்குக் குவாட்டர்பேக் ஆடி 14 டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார். அடுத்த வருடம் அவருக்கு அங்கே அந்த இடம் இல்லை. பஃபலோ போய் ரிசீவராகி, 1970-ல் ஆயிரம் யார்டு தாண்டினார். பிறகு 1972-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மயாமி அணியிலும் இருந்தார். வாரன் மூன் 1978-ல் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரிப் போட்டியின் ஆட்டநாயகன், இருந்தும் என்.எஃப்.எல். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இடம் மாற மாட்டேன் என்று கனடாவுக்குப் போய், எட்மன்டன் அணியோடு அங்குள்ள லீக்கின் கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற பிறகே என்.எஃப்.எல்.-இன் ஹூஸ்டன் அணி கூப்பிட்டது. ஆகவே கோச்சிடம் கேளுங்கள், ஆனால் குற்றம் சாட்டிக் கேட்காதீர்கள். "அவனைவிட முன்னால் இருக்கும் குவாட்டர்பேக் எதில் மேல்? வீடியோவில் காட்டுவீர்களா?" அவ்வளவுதான். நேர்மையான கோச் லேப்டாப்பைத் திறந்து காட்டுவார். மழுப்பினால் உங்கள் சந்தேகத்தில் ஏதோ இருக்கிறது.

இப்போது லமார் ஜாக்சன். இந்தப் பெயரை என்னிடம் சொல்லாத அப்பா ஒருவர்கூட இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாறச் சொன்னது உண்மை, மறுத்ததும் உண்மை. 2018 டிராஃப்டுக்கு முன்பு, பெரிய பதவியில் இருந்த முன்னாள் நிர்வாகி ஒருவரே அவர் ரிசீவராக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜாக்சன் ரிசீவர் சோதனைகளில் கலந்துகொள்ளவே இல்லை. அவருக்கு முன்னால் நான்கு குவாட்டர்பேக்குகள் போனார்கள், முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக, பால்டிமோர் எடுத்தது. 2019 சீசனில் வாக்களித்த 50 பேரின் வாக்கும் விழுந்து மிகச் சிறந்த வீரர் விருது, 2023-ல் மறுபடி அதே விருது. எல்லாம் சரி. ஆனால் அவர் மறுத்தபோது கையில் என்ன இருந்தது? 2016-ல் வாங்கிய ஹைஸ்மன் கோப்பை, கல்லூரி ஆட்டத்தின் ஆக உயர்ந்த விருது. பந்தோடு ஓடினால் யாராலும் தொட முடியாத கால். லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேரும்போதே, பிள்ளையைக் குவாட்டர்பேக்கைத் தவிர வேறெங்கும் ஆடவிடக் கூடாது என்று கோச்சிடம் வாக்கு வாங்கியவர் அவர் அம்மா. வாக்கு வாங்க முடிந்தது, ஏனென்றால் அந்தப் பையன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். உங்கள் பிள்ளை ஜூனியர் வார்சிட்டி. அவன் மறுத்தால் கோச் தலையாட்டிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிடுவார்.

அதே ஜாக்சன் கதையில் உங்கள் கணவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. 2023-ல் ஐந்து வருடத்துக்கு 260 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை ஏஜென்ட் இல்லாமலே முடித்தார் அவர். என்.எஃப்.எல். ஏஜென்ட் என்றால் வீரர் சங்கத்தின் சான்று வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, அதுவும் வீரருக்குப் பணம் வந்த பிறகு. கோடிகளைப் பேசுகிறவனுக்கே இந்தக் கட்டுப்பாடு. பத்தாம் வகுப்புப் பையனுக்கு "கல்லூரியிடம் பேசுகிறேன்" என்கிறவர் மட்டும் 4,000 டாலரை முன்னாலேயே கேட்கிறார். பேசி என்ன செய்வார்? வீடியோவை வெட்டி ஒட்டி, நூறு கல்லூரிகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவார். என்னிடம் ஆடிய ஒரு பையனின் அப்பா இப்படிக் கட்டினார். மாதம் ஒரு அறிக்கை வரும், "உங்கள் மகன் பக்கத்தை 200 பேர் பார்த்தார்கள்" என்று. பாதியை நாங்களும் அவன் சித்தப்பாக்களும் பார்த்திருப்போம்.

அடுத்து வண்ண உறையில் "உங்கள் மகன் தேர்வு செய்யப்பட்டான்" என்று பயிற்சி கேம்ப் கடிதங்கள் வரும். அது கல்லூரி அணியில் இடம் தரும் ஆஃபர் இல்லை, டிக்கெட் விற்பனை. கோச் வாயால் சொல்லும் ஆஃபர்கூட, தாளில் வராதவரை யாரையும் கட்டுப்படுத்தாது. என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) பதிவை நாங்கள் செய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால், தொடக்கக் கணக்கை இலவசமாக நீங்களே திறக்கலாம். கல்லூரிப் போட்டிகளின் முதல் நிலையான டிவிஷன் 1-இல் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டும், அதைப் பள்ளி கவுன்சலரிடம் கேட்டாலே போதும். ஹார்வர்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஐவி லீகிலும், மூன்றாம் நிலையான டிவிஷன் 3-லும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. "ஐவி ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர் சொன்னதிலேயே ஆபத்தானது பள்ளி மாற்றம்தான். டெக்சஸில் யு.ஐ.எல். (பள்ளிப் போட்டிகளை நடத்தும் மாநில அமைப்பு) விதிப்படி, விளையாட்டுக்காகப் பள்ளி மாறினான் என்று முடிவானால் ஒரு வருடம் வார்சிட்டியில் (பள்ளியின் முதல் அணி) ஆட முடியாது. பழைய பள்ளியும் புதிய பள்ளியும் படிவம் நிரப்ப வேண்டும், "ஏன் போகிறான்" என்று உங்கள் கோச்சிடமே கேட்பார்கள். தகராறு வந்தால் தீர்ப்பு சொல்லும் குழுவில் உட்கார்ந்திருப்பது அதே பிரிவில் எதிரெதிரே ஆடும் பள்ளிகளின் அதிகாரிகள். எந்த ஊர் நியாயம் இது என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். கல்லூரிகளோ, ஏற்கெனவே வளர்ந்த ஆட்களை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) பொறுக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை ஓரம்கட்டுகின்றன. இதில் பதினோராம் வகுப்பு சீசனையும் இழந்தால், உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா கதைதான். அந்த ஆலோசகர் இந்த விதியை உங்களிடம் சொன்னாரா?

500 டாலர்: ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் நாள் இருந்தால் அதற்குள் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். "குவாட்டர்பேக் இடம் நிச்சயம்" என்று அவர் அனுப்பிய செய்தி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் ஆட்சேபணை கொடுக்கலாம்.

கோச்சிடம் இரண்டு கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பையன் குவாட்டர்பேக் கூட்டத்தில் உட்காரலாமா? எடெல்மன் எறிந்த மாதிரி ஒரு உத்தியை அவனுக்கென்று பிளேபுக்கில் (அணியின் உத்திப் புத்தகம்) வைப்பாரா? பல கோச்சுகளுக்கு இதில் ஆசைதான்.

பையனுக்கு ஒன்றுதான். குவாட்டர்பேக்காக இருந்த பிள்ளைகள் ரிசீவராகும்போது எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். எதிரே எங்கே காலி இடம் என்று பார்த்துப் பழகிய கண், பந்து கைக்கு வருமுன்பே அங்கே ஓடிவிடும், பந்து கீழே. டென்னிஸ் பந்து வாங்குங்கள். பதினைந்தடி தள்ளி நிற்கட்டும், வெறுங்கையில், விரலால், மார்பில் அணைக்காமல் பிடிக்கட்டும். பந்தில் எண் எழுதி, பிடித்த பிறகு எண்ணை வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கு. தினமும் ஐம்பது. எறிய ஒரு ஆள் வேண்டும், அது உங்கள் கணவரின் வேலை.