முதல் டிஎஸ்எல்ஆர்: கேனானா, நிக்கானா? கேள்வி பதில்

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை வரிசையாகப் பார்ப்போம். எனக்கு நன்றாகத் தெரிந்தது கேனானும் நிக்கானும்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கும் பணம் மொத்தத்தையும் பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில்) போடாதீர்கள். பாதியாவது லென்ஸுக்கு இருக்கட்டும்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவி: அண்ணா, கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டில் எது? வீட்டு விசேஷம், கொடை விழா, எப்போதாவது பயணம். அவ்வளவுதான் என் தேவை.

நல்ல நிலையில் கிடைத்தால் டி3500. இரண்டும் 2018-இல் வந்தவை. கேனானில் 24.1 மெகாபிக்சல், நிக்கானில் 24.2. கடைக்காரர் இதைத்தான் பெரிதாகப் பேசுவார். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு சுவரில் மாட்டினாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. பேட்டரியில் தெரியும். ஒரு சார்ஜில் நிக்கானுக்கு 1,550 படம், கேனானுக்கு 500 படம் என்பது கம்பெனிக் கணக்கு. விடிய விடிய நடக்கும் கொடை விழாவில் இது பெரிய விஷயம்.

சிக்கல் என்னவென்றால், டி3500 உற்பத்தி நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். புதிதாக, பில்லோடு, வாரண்டியோடுதான் வேண்டும் என்று அப்பா சொன்னால் 1500டி வாங்குங்கள். குறையில்லை.

அதைவிட முக்கியம் இரண்டாவது லென்ஸ். கூட வரும் 18-55 கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கோயில் பிரகாரத்தில் படம் ஆடாமல் வருவதற்கு அதுதான் வழி. எல்லோரும் 50மிமீ வாங்கச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கேமராக்களின் சென்சார் சிறியது, கேனானில் 1.6, நிக்கானில் 1.5 என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். கேனானில் 50மிமீ கிட்டத்தட்ட 80மிமீ ஆகிவிடும். நம் வீட்டு ஹாலில் சோபாவில் ஐந்து பேரை உட்காரவைத்து எடுக்கப் பாருங்கள். முதுகு சுவரில் முட்டும், ஓரத்தில் இருக்கும் சித்தப்பா அப்போதும் வெட்டுப்படுவார். நிக்கானில் 35மிமீ எஃப்/1.8 டிஎக்ஸ் லென்ஸ் இதற்கென்றே செய்தது போல இருக்கும். கேனானில் 24மிமீ எஃப்/2.8 உண்டு, தட்டையான குட்டி லென்ஸ், ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைவு. நிக்கான் பக்கம் நான் சாய்வதற்கு இந்த 35-உம் ஒரு காரணம்.

நாகர்கோவில்: செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி5300 பாடியும் 50மிமீ 1.8டி லென்ஸும் மலிவாக வருகிறது. முடித்துவிடலாமா சார்?

பாடி சரி, லென்ஸ் வேண்டாம். '1.8டி' என்பதில் உள்ள அந்த 'டி'யில்தான் விஷயம் இருக்கிறது. அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடிக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் அந்த மோட்டார் இல்லை. டி90, டி7000, டி7100, டி7200, டி7500 ஆகியவற்றில் உண்டு. பெயரெல்லாம் ஞாபகம் வைக்க வேண்டாம். லென்ஸைக் கழற்றி, பாடியின் உலோக வளையத்தைப் பாருங்கள். மோட்டார் உள்ள பாடியில் வளையத்தின் ஓரத்தில், சின்ன ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். அது இல்லையென்றால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடுகிற குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து எடுப்பது முதல் கேமராக்காரருக்கு ஆகிற காரியமல்ல. 1.8ஜி என்று கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான வம்பும் உண்டு. ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் புதிய கிட் லென்ஸை டி90, டி7000, டி5100, டி3200 போன்ற பழைய பாடிகளில் மாட்டினால் ஃபோகஸே ஆகாது, கையாலும் முடியாது. கேனானில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 1987-இல் பழைய மவுண்டை (லென்ஸ் மாட்டும் வளையத்தின் அமைப்பை) தூக்கிப் போட்டுவிட்டு இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் அன்று கொதித்தார்கள். நிக்கான் 1959-இன் மவுண்டையே காப்பாற்றியது. அதற்கான விலையை இப்போது நீங்கள் கொடுக்கிறீர்கள்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் இன்னொன்று: லென்ஸின் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். கடலோர ஊர்களில் அதிகம். "துடைத்தால் போய்விடும்" என்பார் விற்பவர். போகாது, அது உள்ளே இருக்கிறது.

துபாய்: இங்கே விலை குறைவு. வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

பல மாடல்களில் வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். இந்தியாவில் செல்லுமா என்று கடையில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மதுரை, கல்யாணப் புகைப்படக்காரர்: பல வருஷமாகக் கல்யாண வேலை செய்கிறேன். நிக்கானில் முகம் மஞ்சளடிக்கும். நம்ம ஆட்களின் தோல் நிறம் கேனானில்தான் சரியாக வரும். புதிதாக வருகிறவர்களிடம் இதை மறைக்கலாமா?

அண்ணே, மறைக்கவில்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். கேமராவே தயாரித்துத் தரும் ஜேபெக்கில் இரண்டு கம்பெனியின் ருசியும் வேறு வேறுதான். ஆனால் நீங்கள் சொல்லும் மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மண்டபத்தின் கூரையில் மஞ்சள் விளக்கு. வீடியோக்காரர் ஒரு பக்கமிருந்து பளீர் வெள்ளை எல்இடி அடிக்கிறார். பொண்ணின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். இதைச் சரிசெய்யும் கம்பெனி ஜப்பானில் இல்லை.

அடுத்தது மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சட்டை. ஃப்ரேமில் பாதி வெள்ளை என்றால் கேமராவின் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். மாநிற முகம் இருண்டுவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் இருட்டைத் தூக்கினால் நிறம் சேறாகத்தான் வரும். பழி கேமராவின் மேல் விழும். 1500டி, டி3500 இரண்டிலுமே ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு டயலைத் திருப்பினால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் மாறும். வெள்ளை அதிகமாக இருந்தால் +0.7, +1 என்று ஏற்றுங்கள். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில்) எடுத்தால் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கும் நிறச் சமனை, பிறகு எப்படியும் மாற்றலாம்.

அதே மதுரைக்காரர்: ராவில் எடு என்பது ஏட்டுச் சுரைக்காய். ஒரு முகூர்த்தத்துக்கு ரெண்டாயிரம் படம். யார் உட்கார்ந்து எடிட் செய்வது?

நியாயமான கேள்வி. அப்படியானால் ஜேபெக்கிலேயே எடுங்கள், ஆட்டோ ஒயிட் பேலன்ஸை மட்டும் விடுங்கள். மேடை விளக்கில் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, அதையே கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக வையுங்கள். முகூர்த்தம் முடியும்வரை நிறம் குதிக்காது. விளக்கின் நிறத்தைக் கெல்வின் எண்ணாகப் போட்டு வைக்கும் வசதி இந்த இரண்டு தொடக்க மாடல்களிலும் கிடையாது. அது வேண்டுமென்றால் கேனான் 80டி, நிக்கான் டி7500 என்று ஒரு படி ஏற வேண்டும். கல்யாண வேலைக்கு இறங்குகிறவர் கம்பெனிப் பெயரைவிட இந்தப் படியைத்தான் பார்க்க வேண்டும்.

சேலம்: நிறம் காரணமில்லை என்றால் ஸ்டூடியோக்காரர்கள் பாதிப் பேர் ஏன் கேனான் வைத்திருக்கிறார்கள்?

2008-ஐப் பாருங்கள். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் நிக்கான் டி90. அடுத்த சில வாரங்களில் கேனான் 5டி மார்க் 2-ஐ அறிவித்தது: ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்), முழு எச்டி வீடியோ. கல்யாண வீடியோக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். ஒருவர் வாங்கினால் அவரிடம் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், உதவியாளரிடம் அதே பேட்டரி இருக்கும், எடிட்டர் அந்த ஃபைலுக்கே பழகியிருப்பார். அப்புறம் தெருவே ஒரே கம்பெனி. இதுவும் நல்ல காரணம்தான். உங்கள் மாமா கேனான் லென்ஸ்களோடு வீட்டில் இருந்தால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுக் கேனான் வாங்குங்கள்.

(மதுரைக்காரர் இன்னும் நாலு செய்தி அனுப்பியிருக்கிறார். அண்ணே, உங்கள் ஆல்பத்தைப் பார்த்தேன், அருமை. வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம்.)

தஞ்சாவூர்: 1500டியா, டி3500ஆ?

முதல் பதில்.

ஈரோடு: கேனான் 200டி மார்க் 2 வாங்கியிருக்கிறேன். நண்பரின் பழைய மேனுவல் ஃப்ளாஷை மாட்டினால் எரியவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுதில்லை. கேமராவின் மேலே ஃப்ளாஷ் மாட்டும் தகட்டைப் பாருங்கள். மற்ற கேமராக்களில் நடுவில் ஒரு பெரிய வட்டப் புள்ளி இருக்கும். எல்லாக் கம்பெனி ஃப்ளாஷுக்கும் பொதுவான தொடர்பு அது. உங்கள் மாடலில் கேனான் அதை எடுத்துவிட்டது. 1500டி, 3000டியிலும் இதே கதை. ஒற்றைப் புள்ளியை நம்பியிருக்கும் மலிவு ஃப்ளாஷும், ஃப்ளாஷைத் தள்ளி வைத்து எரியவைக்கும் ட்ரிக்கரும் வேலை செய்யாது. கேனானுக்கென்றே செய்தது வேண்டும், அதையும் உங்கள் பாடியில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய் ட்ரிக்கரை வைத்துப் பழகலாம் என்று நினைக்கும் மாணவர்களின் வழியை அடைத்த வேலை இது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கோவை: 3000டி இன்னும் விலை குறைவாக இருக்கிறதே?

18 மெகாபிக்சல் பரவாயில்லை. லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். அந்த விலைக்குப் பழைய 700டி தேடுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்.

வள்ளியூர்: கூந்தன்குளம் பக்கத்தில்தான் வீடு. பறவைகள் எடுக்க எது சார்?

இதற்குப் பாடியைப் பற்றிப் பேசுவதே வீண். நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸை முன்னால் வைத்துக்கொண்டு யோசியுங்கள். எடை 2.3 கிலோ. விலையும் உங்கள் பாடியைப்போலப் பல மடங்கு. அது இப்போதைக்கு முடியாதென்றால் கேனானில் 55-250 எஸ்டிஎம், நிக்கானில் ஏஎஃப்-பி 70-300 விஆர். கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். அந்தத் தூரத்துக்கு 300 தாராளம். பறக்கும்போது பிடிக்க ஆசை வந்தால் டி7200 செகண்ட் ஹேண்டில் பாருங்கள்: 51 ஃபோகஸ் புள்ளிகள், உள்ளே மோட்டார். நிக்கான் ஜேபெக்கில் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற எண் பதிவாகியிருக்கும். அங்கேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம். கேனான் படத்தில் அந்த எண் இருக்காது, விற்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கரூர்: பட்ஜெட் 30,000. 1500டி நல்லதா அல்லது

முதல் பதில். கேள்வியை முடிக்கக்கூட வேண்டாம்.

சென்னை, பெரம்பூர்: எல்லோரும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) போகும்போது டிஎஸ்எல்ஆர் வாங்குவது வீண்தானே?

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. உண்மை. அதனால்தான் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கியிருக்கிறது, மாணவர்கள் கைக்கு எட்டுகிறது. பழகுவதற்கு இதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நாலு வருஷம் கழித்து மிரர்லெஸுக்கு மாறுவது நிச்சயம் என்றால் கணக்கு கேனான் பக்கம் திரும்பும். இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் போட்டுக் கேனானின் மிரர்லெஸ் ஆர் வரிசையில் மாட்டினால் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் உள்ள லென்ஸ்கள் நன்றாக ஓடும். அந்தப் பழைய 'டி' லென்ஸ்களுக்கு மட்டும் அங்கும் கைதான். யூடியூபுக்கு வீடியோ எடுக்கத்தான் என்றால் இப்போதே மிரர்லெஸ் போங்கள். 1500டி, டி3500 இரண்டிலும் மைக் சொருக ஓட்டை கிடையாது.

புதுச்சேரி: டி3500 வாங்கிவிட்டேன் சார்! நல்ல தோல் பை எது?

கடலோரத்தில் இருந்துகொண்டு தோல் பையா? ஃபங்கஸுக்குத் தொட்டில் கட்டுவது மாதிரி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். ஜெல் நிறம் மாறிவிட்டால் வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள்.